பாதாம் பூவும் தேன்மஞ்சும்

நைனா,

இன்று காலை குடத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது அந்த வாசனை வந்தது. தை முடிகிற சமயத்தில் தோப்புப் பக்கமிருந்து காற்று அடித்தால் வருமே, கொஞ்சம் தித்திப்பும் கொஞ்சம் புளிப்புமாக, அதுதான். மாம்பூ. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்ததும் வெட்கமாகிவிட்டது. வருஷம் திரும்பாத வீடு நம்முடையது. பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை. வாசலில் கோலம் இல்லை. என் தலையில் பூ இல்லை. இதில் நான் நின்று பூ வாசனை பிடிக்கிறேன்.

பூவைப் போய்ப் பார்ப்பது என்று ஒரு வேலை உலகத்தில் இருப்பதையே நீதான் எனக்குச் சொன்னாய். சைப்ரஸ் தீவுக்குப் பண்ணை வேலைக்குப் போன முதல் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாய்.

“பாப்பா, இங்க பாதாம் பூத்துக்கீது. ஊரே சோறு கட்டிக்கினு அத்த பாக்கப் போவுது.”

எனக்குத் தெரிந்த பாதாம் மரம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றது. அகல இலை சிவந்து விழும். கொட்டையைக் கல்லால் உடைத்துத் தின்போம். அதன் பூ பச்சையும் வெள்ளையுமாக, திரி மாதிரி இருக்கும். வாசனையும் நன்றாக இராது.

“அந்தப் பூவயா நைனா? அதுல எறும்புதான கீது?”

நீ சிரித்த சிரிப்பில் எனக்குக் காது வலித்தது. “டேய், எம் பொண்ணு இன்னா கேக்குது பாருங்கடா” என்று கூட இருந்தவர்களிடமும் சொன்னாய். அவர்களும் சிரித்தார்கள். நான் போனை வைத்துவிட்டேன். பிறகு வீடியோ வந்தது. இலையே இல்லாத மரம், கிளை முழுக்க வெள்ளைப் பூ, நடுவில் மட்டும் ரோஸ். கீழே விரிப்பு விரித்து வயசானவர்கள், குழந்தைகள், எல்லாரும் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் மடியில் இதழ் விழுந்து கிடந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. “இது கடையில விக்கற பாதாம். அது நம்மூரு பாதாம், அது வேற” என்று பின்னால் உன் குரல். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை.

பத்தாவது பாதியில் நான் நின்றதற்கும் நீ கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் எல்லாம் தெலுங்கு; வகுப்பில் எழுந்து தெலுங்கு படிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிரித்தால் தமிழ் வரும். பின் பெஞ்சில் சிரிப்பார்கள். மறுநாள் போகக் கூடாது என்று தோன்றும். அப்படிப் போகாத நாட்கள் சேர்ந்து சேர்ந்து ஒரேயடியாக நின்றுவிட்டது. இப்போது கோடையில் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிறேன். தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு தோத்தாபுரி அறுக்கும் வேலை. முகம் தெரியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

போன வருஷம் நீ லீவில் வந்தது இதே பருவத்தில். வந்த மூன்றாம் நாளே, “சோறு கட்டு பாப்பா, நம்ம பூவ பாத்துட்டு வரலாம்” என்றாய். அம்மா, “ஒனக்கு இன்னா பைத்தியமா?” என்று கேட்டுக்கொண்டே எலுமிச்சம்பழச் சோறு கிளறினாள். ஆனால் வரவில்லை. மருந்து அடிக்காத நாளாகப் பார்த்துத் தோப்புக்காரரிடம் கேட்டாய். அவர் சிரித்துவிட்டு, “பூத்தக்கி காப்பலா ஏமுந்தி, சூசுகோ” என்றார். பூவுக்கு என்ன காவல், பார்த்துக்கொள் என்று.

வண்டிப்பாதை ஓரத்து மரத்தடியில் நீ விரிப்பை விரித்தாய். நான் துப்பட்டாவை முகத்தில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். களை வெட்ட வந்த கோவிந்தம்மா அக்கா பார்த்துவிட்டார்.

“இன்னா தம்பி, இங்க குந்திக்கினு கீற?”

“பூ பாக்கறேன் அக்கா.”

“ஃபாரின் போயி வந்தவரு மாமரத்தப் பாத்ததில்லயா? பூவ பாத்தா வயிறு ரொம்புமா? காய் புடிக்கட்டும் வா, தலைக்கு ஒரு கூடை ஏத்தி வுடறேன்.”

“அதுக்குள்ள இதெல்லாம் கொட்டிப்பூடும் அக்கா.”

“பொண்ணு ஏன் மூஞ்சிய மூடிக்கினு கீது? பூ பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?”

கூட வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்கு வகுப்பில் எழுந்து நிற்பது போல இருந்தது. “போலாம் நைனா” என்றேன். உன் டப்பாவில் பாதிச் சோறு இருந்தது. மூடினாய். விரிப்பை உதறி மடித்தாய். திரும்பி வரும்போது, “பரவால்ல பாப்பா. அடுத்த வருசம் இன்னும் உள்ள தள்ளி குந்திக்கலாம். யாருக்கும் தெரியாது” என்றாய்.

ஆடியில் நீ பெட்டியில் வந்தாய். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது என்று அங்கிருந்து போனில் சொன்னார்கள். அந்தப் பாதிச் சோறு என் மனசை விட்டுப் போகவே இல்லை.

இன்று மதியம் அம்மா மாவு மில்லுக்குப் போனதும் எலுமிச்சம்பழச் சோறு கிளறிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நீ சொன்னபடி உள்ளே தள்ளித்தான் முதலில் போனேன். யாரும் இல்லை. உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. நாம் சேர்ந்து உட்காராத இடம், நீ அங்கே இல்லாதது போலவே இருந்தது. விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வண்டிப்பாதை ஓரத்துக்கே வந்தேன். அதே மரம். கிளை நுனியெல்லாம் மஞ்சள் நிறக் கொத்து, இலை தெரியாத அளவுக்குப் பூ. ஈயும் தேனீயும் ஒரே சத்தம். சோற்றை வாயில் வைக்கும்போது மேலிருந்து சொட்டு ஒன்று டப்பாவில் விழுந்தது. பூவை உறிஞ்சும் பூச்சி விடுகிற பிசின்தான், தேன்மஞ்சு. தோப்புக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது. போன வருஷம் அது உன் மூக்கில் விழுந்தபோது, “அங்க இதழ் வுழும், இங்க தேனே வுழுது பாரு” என்றாய். அது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். சத்தமாக.

கோவிந்தம்மா அக்கா பாதையில் நின்றிருந்தார்.

“இன்னாடி, தகப்பன் போயி வருசம் திரும்பல. தனியா குந்திக்கினு சிரிக்கற? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?”

கேலி இல்லை. பயந்துதான் கேட்டார். எனக்குக் கழுத்து வரைக்கும் சூடு ஏறியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று விரிப்பின் நுனியைக்கூடப் பிடித்துவிட்டேன். அப்புறம் எப்படியோ வாயில் வந்தது.

“பூ பாக்கறேன் அக்கா.”

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தார். “ம். துன்னுட்டு பொழுது சாயறதுக்கு முன்ன வூட்டுக்குப் போ” என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் முழுக்கத் தின்றேன், நைனா. டப்பாவை வழித்துத் தின்றேன்.

எனக்கு முன்னால் சேதி வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா கதவிலேயே நின்றாள்.

“தோப்புக்கா போன?”

“ம்.”

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா என் துப்பட்டா முனையை எடுத்தாள். பிசின் பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். மோந்து பார்த்தாள்.

“அதே மரத்தாண்டயா?”

“ஆமாம்மா.”

“பூ எப்டிகீது?”

“ரொம்ப நல்லாகீதுமா.” அதைச் சொல்லும்போது அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெட்கம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. இதை எழுதும்போதும் கழுத்து சுடுகிறது. நாளைக்கும் யாராவது கேட்பார்கள். உன் பதிலை வைத்துக்கொண்டிருக்கிறேன், அதையே சொல்வேன்.

இப்போதுதான் சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கழுவிக் கவிழ்த்த என் டப்பா பக்கத்தில் உன் டப்பாவும் கவிழ்ந்திருக்கிறது. பரணிலிருந்து அம்மா எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. அம்மா வந்தால் உள்ளே தள்ளியே உட்கார்ந்துகொள்கிறோம், நைனா. யாருக்கும் தெரியாது.