திக்கித் திக்கி நீந்தும் பெண்

மார்ச் 4
கால் முதல் இடுப்பு வரை மாவுக்கட்டு. நீச்சல் கிளப் செயலாளர் ஆப்பிளோடு வந்தார். "நீங்க ரெஸ்ட் எடுங்க. வேற கோச் பாத்துக்கறோம்." எவ்வளவு அக்கறை.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் என் விசிலுக்கு உறை போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். கார் சீட்டுக்கு உறை தைப்பவர். ரிமோட், மிக்ஸி, குடை, எல்லாவற்றுக்கும் உறை. இந்த வீட்டில் உறையில்லாமல் திரிந்தவள் நான் ஒருத்திதான். இப்போது எனக்கும் போட்டாயிற்று.

மார்ச் 6
தங்கை கிளப் குளத்தில் தண்ணீருக்கடியில் கேமரா வைத்து, பிள்ளைகள் நீந்துவதை எடுத்துத் தருகிறாள். வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் நானும் தண்ணீருக்குள் இருப்பேன். கண்ணாடி வந்த அன்றே இவர் அதற்கும் பஞ்சு வைத்து உறை தைத்துவிட்டார்.

என்னிடம் பழகும் பிள்ளைகளில் வாலு நன்றாக நீந்துகிறவள். ஏனோ வேகம் விழுந்துகிடக்கிறது. செயலாளரிடம் சொல்லிவிட்டேன்: அடுத்த ஞாயிறு தேர்வுப் போட்டியில் அவள் முந்தாவிட்டால் வேறு கோச் வரட்டும்.

ஆனால் வீடியோ கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் திக்குகிறது. கையை நீட்டுகிறாள், அடுத்து பார்த்தால் கை பின்னால் இருக்கிறது. நடுவில் நடப்பதுதானே எனக்கு வேண்டும்?

மார்ச் 7
"வைஃபைதான்க்கா" என்றாள் தங்கை. வீடியோவைக் கண்ணாடிக்குள்ளேயே ஏற்றினாள். திக்குகிறது.

மார்ச் 8
தரத்தைக் குறைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் விரலெல்லாம் ஒட்டிப்போய் மாவு உருண்டை. "இவ்வளவு தெரிஞ்சா போதாதா?" என்கிறார் இவர்.

போதாது.

மார்ச் 10
இவர் கண்ணாடியை அதை வாங்கின கடைக்கு எடுத்துப்போனார். அங்கே முழுத் தரத்தில் வெகுநேரம் ஓட்டியும் ஓரிடத்திலும் திக்கவில்லையாம். "படுத்தே கெடக்கறவங்களுக்குக் கண்ணு அப்படித்தான் தெரியும்" என்றாராம் கடைக்காரர்.

என் கண்ணையா சொல்றான்? படுத்திருக்கேன், செத்துப்போகல.

மார்ச் 11
நெற்றி வேர்த்து ஊற்றியது. கழற்றி, உறைக்குள் விரல் விட்டுப் பார்த்தேன் — சுட்டது. தூசு நுழையக்கூடாதென்று காற்றுத் துளைகளையும் சேர்த்து மூடித் தைத்திருக்கிறார்.

"கடைக்குப் போறப்போ உறை இருந்துதா?"

"கழட்டி வச்சிட்டுப் போனேன். கடையில அழுக்காயிடும்ல."

கோபம் தலைக்கேறியது, கூடவே சிரிப்பும். சிரித்ததில் இடுப்பில் உயிர் போனது. "உன் நெத்தியில குத்தக்கூடாதுன்னுதான்…" என்று நின்றார் பாவம். உறையை உருவச் சொல்லி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினேன். முழுத் தரம். திக்கவே இல்லை. சூடேறித்தான் இத்தனை நாள் திக்கியிருக்கிறது.

மார்ச் 12
வாலு என் கண்ணில் மாட்டிக்கொண்டாள். மூச்சுக்குத் தலை திருப்பும்போதெல்லாம் இடது மணிக்கட்டு மடிந்து விரல் விரிகிறது. போனில் கத்தினேன்: "மணிக்கட்ட மடக்காதடி."

மார்ச் 15
செயலாளர் கூப்பிட்டார். வாலு முந்திவிட்டாள். "நாளைக்கு என்ன பயிற்சின்னு சொல்லுங்க, கோச்."

போனை வைத்துவிட்டு விசிலைக் கேட்டேன். இவர் அலமாரியைத் திறந்தார். உறையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விசிலை மட்டும் என் கையில் வைத்தார்.