நீ ஊற்றிய எண்ணெய்

போதிய காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இன்று காலை குளிரில் என் வான் வண்டியைத் திருப்பியபோது ஸ்டியரிங் முனகியது. இறங்கி, பவர் ஸ்டியரிங் எண்ணெயின் மட்டத்தைப் பார்த்தேன். விரலில் ஒட்டிய அந்த மணத்தோடு வோபர்னில் நீ வாகனங்கள் திருத்திய கராஜ் முழுவதும் நினைவுக்கு வந்துவிட்டது.

நீ போய் மூன்று கிழமை. முப்பத்தோராம் நாளுக்கு உன் நினைவு மலர் அச்சாகிறதாம். "அங்கிள், நீங்கதானே அப்பாட பெஸ்ட் ஃப்ரெண்ட். ஒரு பேஜ் எழுதித் தாங்கோ" என்று உன் மகள் கேட்டாள். ஓம் என்றேன். இதுதான் அந்தப் பக்கம்.

பதினொரு வருடங்களுக்கு முன் என் பழைய வானின் ஸ்டியரிங் கனக்கிறது என்று உன்னிடம் கொண்டுவந்தேன். நீ எடுத்தது கியர்பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய். வானின் கையேட்டில் வேறு எண்ணெய் சொல்லியிருந்தது. நான் அதை வாசித்திருந்தேன்.

"இதுக்கு உது சரியோ?"

"உது எல்லாத்துக்கும் சரி மச்சான். நீ புத்தகத்தைப் பார், நான் வானைப் பாக்கிறன்."

கனடா வந்த முதல் குளிர்காலம் உன் பேஸ்மென்டில் படுத்தவன் நான். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

இரண்டு மாதத்தில் உள்ளே ரப்பர் சீல்கள் ஊறிப் பிய்ந்து எண்ணெய் முழுவதும் ஒழுகிவிட்டது. மார்க்கம் ரோட்டில் திரும்பும்போது ஸ்டியரிங் என் மனைவியின் பலத்துக்கு மசியவில்லை. வான் கம்பத்தில் மோதியது. அவளுடைய வலது தோள் உடைந்தது.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில் என்னை ஓரமாகக் கூட்டிப்போனாய். "மச்சான், ஆரும் கேட்டா நீ ஊத்தினதெண்டு சொல்லு. என்ர கராஜ் லைசன்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள். தங்கச்சிக்கு உண்மையை நானே பிறகு சொல்லுறன்." உன் மூன்று பிள்ளைகளை நினைத்தேன். நான்தான் ஊற்றினேன் என்று காப்புறுதிக்காரனிடம் சொன்னேன். நீ தங்கச்சி என்று கூப்பிடும் என் மனைவியிடமும் அதையே சொன்னேன்.

நீ சொல்லவில்லை. பிறந்தநாள் விழாக்களில் அதைக் கதையாக்கினாய். "புத்தகம் பாக்கிற எஞ்சினியர் கை வைச்சா வான் நேரா போஸ்டுக்குத்தான் போகும்." ஆட்கள் சிரித்தார்கள். அவள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் இன்றும் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தலை பின்ன எங்கள் மகளைக் கூப்பிடுவாள். என்னைக் கூப்பிடுவதில்லை.

அதன் பிறகு வாங்கிய இந்த வானுக்கு, ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்னும் நீயே கூப்பிட்டு எண்ணெய் மாற்றினாய், கையேட்டில் சொன்ன அதே எண்ணெயை. "ஸ்டியரிங்கை முழுக்க முறிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்காதை, பம்ப் போயிடும்" என்பாய். இன்றும் அப்படிப் பிடிப்பதில்லை. அந்த எண்ணெய்தான் உன் மன்னிப்பு என்றும், சொல் பின்னால் வரும் என்றும் காத்திருந்தேன்.

கடைசியாக உன்னைப் பார்க்க நாங்கள் இருவரும் வந்தோம். இப்போதாவது சொல்வாய் என்று கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். நீ அவளுடைய கையைப் பிடித்தாய்.

"தங்கச்சி, உவனைக் கோவியாதையுங்கோ. தெரியாமல் ஊத்திப்போட்டான்."

அவள் அழுதாள். நான் உனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தேன்.

போன கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "செத்த மனுசனிலை பழி போடாதேங்கோ" என்று எழும்பிப் போய்விட்டாள்.

உன் மலரை அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிப்பாள். இந்தப் பக்கத்தை அச்சிடுவதும் கிழிப்பதும் உன் மகளின் பாடு. எழுதுகிறவர்கள் எல்லாரும் கீழே 'ஆருயிர் நண்பன்' என்று போட்டுப் பெயர் வைப்பார்கள். உனக்காக ஒருமுறை பொய் சொன்னது போதும், அதை எழுத மாட்டேன். அந்தச் சொல் இல்லாமல் வெறும் பெயரைப் போடவும் கை வரவில்லை. கீழே இடத்தை வெறுமையாக விட்டு, நாளைக்குத் தபாலில் போடுகிறேன்.