ஞாயிற்றுக்கிழமை அடித்த ஆணி

உலான்பாட்டரில் இருக்கும் என் அன்பானவருக்கு,

லைப்சிக் வந்து ஆறு வாரமாகிறது. வகுப்பில் பேசும் ஜெர்மன் பாதிதான் புரிகிறது. அறைக்கு வந்ததும் சோர்ந்து படுத்துவிடுகிறேன்.

நம் மகள் நோமினை இங்கே அனுப்புவது பற்றி நீங்கள் இன்னும் எழுதவில்லை. இம்முறை நானும் கேட்கவில்லை.

முந்தாநாள் அவள் படத்தை மாட்ட ஆணி அடித்தேன். கீழ்வீட்டு லிண்ட்னர் அம்மாள் ஏறி வந்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம யாராவது ஆணி அடிப்பாங்களா? ஓய்வு நாளும்மா!"

நான் அழுதுவிட்டேன். அவர் இறங்கிப் போனார். மறுநாள் காலை சரியாக எட்டு மணிக்குச் சுத்தியலோடு வந்து, அவரே படத்தை மாட்டினார்.

"உம் பொண்ணா? எப்ப வர்றா?"

"வசந்தத்துல வந்துருவா."

நான் பிழையில்லாமல் பேசிய முதல் ஜெர்மன் வாக்கியம் அது. அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

உங்கள் மனைவி