லேகிய டப்பாவும் கண்ணாடிக் குழாயும்

மந்தைவெளி,
12 ஆகஸ்டு 1934

ரங்கூனில் இருக்கும் சிரஞ்சீவி முருகையனுக்கு, உன் தாய்மாமன் சுப்பராயன் மனதார ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அத்தை கங்கம்மாவும் சுகம். வழக்கமாக எழுதுகிற சுகம் இல்லை, டாக்டர் பார்த்துச் சொன்ன சுகம். அதற்குக் காரணம் நீதான். பொறுத்திரு என்று ஆனியில் போட்ட கார்டு கிடைத்திருக்கும். மீதியை இதில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை டிராமில் டியூட்டியில் இருக்கும்போதே படித்தேன். லஸ் ஸ்டாப் வந்தும் மணி அடிக்க மறந்துவிட்டேன். இறங்க முடியாமல் இருநூறு பேர் கூச்சல் போட்டார்கள். என் காதில் ஒன்றும் விழவில்லை. தையில் கல்யாணமாகி நாற்பது நாள் தேசம்மாவோடு இருந்தும் ஒரு நாளும் உன்னால் ஆகவில்லை, நான் கொடுத்த இரண்டு டப்பா லேகியத்தையும் தின்று தீர்த்தும் பிரயோஜனமில்லை என்று எழுதியிருந்தாய். மாமாவுக்கே கேட்ட மருந்து எனக்குக் கேட்காவிட்டால் நான் ஆண்பிள்ளையே இல்லை, அவளை அவள் அப்பா வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கட்டும் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

நேரே மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருக்கும் டாக்டர் வேதாந்தத்திடம் போனேன். நான் ஒன்றும் படிக்காதவன் இல்லை. மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், கணக்குப்படி ஆறாவது. அதனால் உன் பெயரைச் சொல்லாமல் நாசூக்காகவே ஆரம்பித்தேன். பேச்சின் நடுவே மூன்று தடவை எழுந்துபோய் அவர் பானையில் தண்ணீர் குடித்தேன். அவர், "ஓய் கண்டக்டர், மருமானை அப்புறம் பாப்போம். உமக்கு எத்தனை நாளா இந்தத் தாகம்?" என்றார்.

என் மூத்திரத்தில் சில சொட்டு எடுத்து, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து விளக்கில் காட்டினார். செங்கல் நிறமாகிவிட்டது. மயிலாப்பூரில் இதுவரை யாருக்கும் அப்படி ஒரு சிவப்பு வந்ததில்லை. டாக்டரே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சர்க்கரை வியாதியாம். ரத்த ஓட்டத்தையும் நரம்பையும் அது உள்ளுக்குள் கெடுத்துவிடுமாம், ஆண்மை தளர்வதற்கு அதுவும் ஒரு காரணமாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலோ உயிரோ போயிருக்கும் என்றார்.

லேகிய டப்பாவைக் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "பாதி தேன், பாதி பனங்கற்கண்டு. வியாதியே சர்க்கரைங்காணும். அதுக்கு மூணு வேளையும் சர்க்கரையைக் கொடுத்திண்டிருக்கீரே" என்றார்.

முருகையா, அடுத்த வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த லேகியம் எனக்குக் கேட்கவே இல்லை. கடற்கரை மணலில் உட்கார்ந்து, தின்றபின் அரபுக் குதிரை ஆனேன் என்று உன்னிடம் சொன்னது முழுப்பொய். நாலு வருஷமாக நானும் உன் அத்தையும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத்தான் படுத்தோம். என் பொய்யை நம்பி நீ உன்னையே வெறுத்துக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது கங்கம்மா அழவில்லை. "ஆறு மாசமா நீ ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொச்சிக்கினு கீது. சொன்னா நீ ஒடஞ்சி பூடுவேன்னு சும்மா இருந்தேன். உசுரோட இரு, அது போதும்யா" என்றாள். இந்தப் பொம்பளைக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதமாகக் கம்பவுண்டர் தினம் ஊசி போடுகிறார். சோறு பாதி, காப்பிக்குச் சர்க்கரை கிடையாது, விடிந்ததும் சாந்தோம் வரை நடை. இப்போது குழாயில் லேசான பச்சைதான் வருகிறது, சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தமாம். மற்ற விஷயமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. குதிரை இல்லை, டிராம் மாதிரி. நின்று நின்று, ஆனால் வந்து சேருகிறது.

இனி உன் சங்கதி. டாக்டர் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். விடியற்காலை விழிக்கும்போது அது தானாக எழுகிறதா? ஆமாம் என்றால் ரத்தமும் நரம்பும் சரியாகவே இருக்கும், பயம்தான் கோளாறு. பயத்துக்கு டப்பாவில் மருந்து கிடையாது. கொஞ்ச நாள் முயற்சி எதுவும் வேண்டாம், பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றார். இல்லை என்றால் அங்கேயே நல்ல டாக்டரிடம் காட்டு, மூத்திரத்தையும் பார்க்கச் சொல். சாராயம் தொடாதே. கல்யாண வீட்டில் எங்கே படுத்தார்கள் என்றும் கேட்டார். ஒரு சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நாங்கள் பதினாலு பேர் என்றேன். விடிந்ததும் "இன்னா நைனா, சிங்கமா?" என்று நான் தினம் கேட்டதையும் சொன்னேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கட்டும் என்று நீ எழுதிய வார்த்தையை நான் தேசம்மாவிடம் சொல்லவில்லை. அவள் தன் அப்பாவிடம் எதையும் மூச்சுவிடவில்லை. கங்கம்மாவிடம் மட்டும், "என்கூட பேசிக்கினு இருந்தா போதும் அத்தை. மூஞ்சியத் திருப்பிக்கினு பூட்டாரு, அதான் தாங்கல" என்றாளாம். நீ வந்து அவளை அழைத்துக்கொள்ள அவள் அப்பா தீபாவளி வரைதான் பொறுப்பாராம்.

நீ வெட்கத்தை விட்டு எழுதியதால் நான் பிழைத்தேன். அந்த உபகாரத்துக்கு என்னால் ஆனது, மாம்பலத்தில் உங்கள் இருவருக்கும் ஓர் அறை பார்த்திருக்கிறேன். கதவு உண்டு, உள்ளே இரும்புத் தாழ்ப்பாள். பத்துத் தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். டிராமில் இருந்தது இருநூறு பேர் இல்லை, பன்னிரண்டு பேர் இருக்கலாம். நாற்காலியை விட்டு டாக்டர் எழுந்தது ஜன்னலைத் திறக்க. மற்றபடி இந்தக் கடிதத்தில் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. நம்பிக் கப்பல் ஏறு. நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். காலையில் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

உன்னால் பிழைத்த மாமன்,
சுப்பராயன்