ஒரே தகரத்தில் கொட்டிய கருமருந்து

நேற்றுப் பின்னேரம் என் மனுசன் குசினித் தட்டை ஒதுக்கப் போனார். இரண்டு போத்தலில் மிளகாய்த்தூள் இருந்தது. ஒன்று நான் வறுத்து அரைத்தது. மற்றது உன்ர. உன் செத்தவீட்டுக்குக் கத்தானியா வந்தபோது உன் மனுசன் பேப்பரில் சுற்றி என் கையில் தந்தது. இரண்டும் அரைவாசிதான். ஒன்றாய்க் கொட்டினால் ஒரு போத்தல் மிச்சம் என்று இவர் மூடியைத் திறந்தார். தூள் மணம் வந்ததுதான் தாமதம், "கொட்டாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். 

இவருக்குச் சிரிப்பு. "என்னப்பா இப்பிடிக் கத்துறீர்? இதென்ன சிஞ்ஞோரேயின்ர வெடிமருந்தே? உம்மட சிநேகிதி கலந்ததுமாதிரி நானும் கலந்துபோடுவன் எண்டு பயமோ?"

அந்தக் கதையைப் பலெர்மோவில் கேட்காத எங்கட சனம் இல்லையே! பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கப் போனாலும் சரி, பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் போனாலும் சரி, யாராவது தொடங்கிவிடுவார்கள். "மருந்தையும் மருந்தையும் கலந்து கிழவனைப் பரலோகம் அனுப்பப் பார்த்தவள்." நீ இருந்தால் முதலில் சிரிப்பது நீதான். நானும் சேர்ந்து சிரிப்பேன். கலந்தது நீ இல்லை என்று தெரிந்த ஆட்கள் உலகத்தில் இரண்டே இரண்டு பேர். நீ போன பிறகு நான் மட்டும்தான்.

பொலிதேயாமாப் பக்கம் அந்தக் கட்டடத்தில் நான் மூன்றாம் மாடியில் வீட்டுவேலை, நீ நாலாம் மாடியில். என் வீட்டு ஐயா, சிஞ்ஞோரே, ஓய்வுபெற்ற வக்கீல், பெண்சாதி இல்லாத மனுசன். மாஃபியாவை அடக்கத் தெருவுக்குத் தெரு துவக்கோடு ஆமி நின்ற காலம் அது. ஊரில் ஆமிக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்சையும் ஆமியைத் தாண்டிப் பாண் வாங்கப் போவோம். அந்தத் திங்கட்கிழமை சிஞ்ஞோரே என்னோடு குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்கு வந்து கையெழுத்து வைப்பதாக இருந்தது. வைத்தால் எனக்கு இஞ்சை இருக்க அனுமதி, பெர்மெசோ; அது வந்தால் இவரைக் கூப்பிடலாம். வைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. இவர் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார். றெயிட் வந்தால் எந்த நேரமும் அள்ளிக்கொண்டு போவார்கள்.

சிஞ்ஞோரேயிடம் ஒரு பழைய துவக்கு இருந்ததே, விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்குமே, அதுதான் அவருக்குப் பிள்ளைகுட்டி. சனிக்கிழமைகளில் மேசையில் பேப்பர் விரித்து மருந்து பார்ப்பார். கந்தகமும் கரியும் வெடியுப்பும் சேர்ந்த கருமருந்து இரண்டு தகரம். குறுணி மாதிரி இருப்பது குழலுக்குள் போவது. மா மாதிரி இருப்பது பக்கத்துக் கிண்ணத்துக்கு, பொறி விழுந்து முதலில் பற்றுவது. மூன்றாவது தகரம் அவருடைய புதுத் துவக்கின் தோட்டாவுக்கு. அதைக் காட்டி, "இது வேற, இது வேற" என்று விரலை ஆட்டுவார். நான் "சி, சிஞ்ஞோரே" என்று சொல்லிக்கொண்டு தூசி தட்டுவேன். யாருக்கு விளங்கியது?

சனிக்கிழமை பின்னேரம் அலுமாரி துடைக்கும்போது அந்த மூன்றாவது தகரம் கண்ணில் பட்டது. அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அதுவும் கறுப்புக் குறுணி, பக்கத்துத் தகரமும் கறுப்புக் குறுணி. தகரமோ தங்கம் மாதிரி, இறுக்கமான மூடி. ஊரிலிருந்து அம்மா அனுப்பிய தூள் பொலித்தீன் பையில் வண்டு பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மூடியுள்ள நல்ல தகரத்தைக் கண்டால் எங்களுக்குக் கை சும்மா இருக்குமோ! சீனியோடு சீனி கொட்டுவதுபோல இதை அதற்குள் கொட்டினேன். தகரத்தைக் கழுவிக் காயவைத்து, மிளகாய்த்தூளைப் போட்டு மூடினேன். கெட்டிக்காரி என்று நினைப்பு.

ஞாயிறு காலை கீழே வந்த உனக்கு அதைப் பெருமையாகக் காட்டினேன். நீ தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"எடியே, இதுக்குள்ள இருந்தது எங்கை?"

"மற்றத் தகரத்துக்க கொட்டிட்டன். ரெண்டும் ஒரே மருந்துதானே?"

உன் முகத்தில் ரத்தமே இல்லை. மடுப் பக்கம் காட்டோரத்து வயலில் வளர்ந்தவள் நீ. பன்றி விரட்ட உங்கள் ஐயா இடியன் துவக்கு வைத்திருந்தவர். குழலுக்குள் மருந்தை இடித்து இறுக்கிச் சுடுகிற துவக்கு. உன் சித்தப்பா ஒருநாள் எங்கேயோ பொறுக்கிய தோட்டாவை உடைத்து, அந்தப் புது மருந்தை இடியனுக்குள் போட்டாராம். "குழல் வாழைப்பூ மாதிரி விரிஞ்சது. மூண்டு விரலைப் பொறுக்கி எடுத்தனாங்கள்," என்றாய். "பழைய குழல் புது மருந்தைத் தாங்காதடி. கிழவன் எங்கை?"

கிழவன் விடியவே சியாகுல்லிக்குப் போய்விட்டார், கூட்டாளியின் தோட்டத்தில் சுட்டுப்பார்க்க. கூட்டாளி கீழே ஹோர்ன் அடித்த அவசரத்தில் குறுணித் தகரத்தையும் மாத் தகரத்தையும் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். கதவைத் திறந்துவிட்டதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். வந்த பஸ்ஸில் நீ செபமாலை உருட்டினாய், நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.  செத்தால் கொலை, கொலை என்றால் மறியல், தமிழன் வெடிமருந்தில் கை வைத்தான் என்று தெரிந்தால் நேரே பிளேன். இவரை இனிப் பார்க்கவே மாட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பஸ்ஸில் கிழவனின் உயிரை நான் ஒருதரமும் நினைக்கவில்லை. எல்லாம் என் பெர்மெசோதான். "இறங்கிப் போயிடுவமே? எங்களுக்குத் தெரியாதெண்டு இருப்பம்," என்று உன்னிடம் கேட்டேன்.

நீ என் கையை நுள்ளினாய். "விசரி. அது ஒரு மனுசனடி."

தோட்டத்து ஒழுங்கையில் திரும்பும்போது வெடிச்சத்தம் கேட்டது.

நான் அப்படியே மண்ணில் குந்திவிட்டேன்.  ஷெல்லுக்குப் பதுங்கின ஆள் நான், ஆனால் அப்படி ஒரு பயத்தை அதுக்கு முன்னும் அறியேன், பின்னும் அறியேன். நீ நிற்கவில்லை, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாய். நான் தவழாத குறையாகப் பின்னால் வந்தேன்.

சுட்டது கூட்டாளி, தன் துவக்கால். எங்கள் கிழவன் அப்போதுதான் மந்தரின் பழ மரத்தடியில் நின்று, குறுணித் தகரத்திலிருந்து அளவுக் குவளையில் மருந்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார். "கொட்டாதேங்கோ!" என்று நீ தமிழில் கத்தினாய். இத்தாலியன் எல்லாம் உனக்கு மறந்துபோச்சு. அவர் திகைத்து நிமிர, போய்க் குவளையைப் பறித்துவிட்டாய்.

அவருக்கு வந்த கோபம்! நீயோ தகர மூடியில் ஒரு சிட்டிகையைத் தட்டி, தள்ளி ஒரு கல்லில் வைத்து, நெருப்புக்குச்சியைக் கிழித்துப் போட்டாய். பொசுக்கென்று வெள்ளைப்புகை எழும்பிக் கந்தகம் மணத்தது. அதோடு முடியவேண்டியது முடியவில்லை. புகை போன பிறகும் அங்கங்கே மஞ்சள் சுவாலை நின்று எரிந்தது. கருமருந்து அப்படி எரியாது என்று அவருக்குத் தெரியும். துவக்கை மெதுவாக மரத்தில் சாத்திவிட்டு, மந்தரின் பெட்டியில் குந்தினார். வேர்த்து ஒழுகியது.

முகத்தைத் துடைத்துவிட்டு, "யார் கலந்தது?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். திங்கட்கிழமைக் கையெழுத்துத்தான் கண்ணுக்குள் நின்றது.

"இயோ," என்றாய் நீ. நான் என்று ஒரே சொல். முதல்நாள் துப்புரவுக்கு எனக்கு உதவ வந்தபோது கலந்ததாகச் சொன்னாய். நான் நிலத்தைப் பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் நான் அழ, நீ ஏசினாய். "வாயைப் பொத்திக்கொண்டு இரு. என்ர பேப்பர் என்ர கையில இருக்கு. உனக்குக் கையெழுத்து விழட்டும். பிறகு சொல்லலாம்."

திங்கட்கிழமை கையெழுத்து விழுந்தது. அந்தக் கிழமையே சிஞ்ஞோரே உன் சிஞ்ஞோராவிடம் சொல்ல, அவள் உன்னை அனுப்பிவிட்டாள். கத்தானியாவில் படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைத் தூக்கிக் கழுவுகிற வேலைக்குப் போனாய். முதுகு போச்சு. பிறகு வருத்தம் வந்து படுத்தாய், பிறகு நீயே போய்விட்டாய். உன்னுடைய அந்த 'பிறகு'க்கு மட்டும் நான் நாள் வைக்கவே இல்லை. இவர் வந்தார், வீடு எடுத்தோம், எல்லாரோடும் சேர்ந்து உன்னைப் பார்த்துச் சிரித்தேன். ஒருதரம் நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய், பொல்லாதவளே. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நேற்று இவர் திறந்த போத்தலோடு சிரித்துக்கொண்டு நிற்க, சொன்னேன். "அவள் கலக்கேல்லை. நான்தான் கலந்தனான்." இவர் சிரிப்பை நிறுத்தினார்.  உன் போத்தலை மூடி, துடைத்து, என் போத்தலுக்குத் தள்ளி வைத்தார். பிறகு, "அப்ப நான் இஞ்சை வந்தது அவளாலயோ?" என்றார். ஓம் என்றேன்.

சிஞ்ஞோரே இன்னும் இருக்கிறார். எண்பது தாண்டியும் உன் பேச்சு வந்தால் தலையை ஆட்டிச் சிரிப்பார், "அந்தப் பைத்தியக்காரி" என்று. நாளைக்குத் திங்கள், எட்டு மணிக்கு நான் கோப்பி கொண்டுபோகவேண்டும். மேசையில் வைத்துவிட்டுச் சொல்லப் போறன். ஒரே சொல்தானே, நீ எவ்வளவு சுகமாகச் சொன்னாய். எனக்குத்தான் வருமோ தெரியாது, எடியே. கையில் நுள்ள நீ இல்லை.