பெரிய வெள்ளி எந்தத் திகதி?

17 சனவரி 1995, எசன், ஜெர்மனி
ஒருவழியாக அகதி விசாரணை முடிந்தது. நாலு வருடம் காக்க வைத்துவிட்டு நாலு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். மொழிபெயர்க்க கெல்சென்கிர்ச்சனில் இருந்து கதிர்காமநாதன் தம்பி வந்திருந்தார். நல்ல பிள்ளை, நெற்றியில் திருநீறு.

என் புருசன் கிறிஸ்தோப்பர் எப்போது செத்தார் என்று கேட்டார்கள். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, பெரிய வெள்ளி. நான் கோவிலில் சிலுவைப்பாதையில் நிற்கும்போது பொம்மர் வந்து வீட்டின் மேல் குண்டு போட்டது என்றேன். தம்பி சுவர்க் கலண்டரை எட்டிப் பார்த்துவிட்டு ஜெர்மனில் ஏதோ சொன்னார். அதிகாரி அதைத் தட்டச்சில் தட்டிக்கொண்டார்.

3 மார்ச்
மறுப்பு. லோயர் வாசித்துச் சொன்னார். விசாரணையில் நான் ஏப்ரல் 14 என்றேனாம். பங்குச் சுவாமி தந்த கடிதத்தில் மார்ச் 29 என்று இருக்கிறதாம். புருசன் செத்த நாளையே மாற்றிச் சொல்பவளின் கதை நம்பத்தக்கதல்லவாம். ஒரு மாதத்தில் நாட்டை விட்டுப் போகட்டாம். வழக்குப் போடுவோம், தீர்ப்பு வரும்வரை இருக்கலாம் என்கிறார்.

நான் எங்கை ஏப்ரல் பதினாலு எண்டனான்? அது சித்திரை வருசப்பிறப்பெல்லோ. அண்டைக்குச் செத்தவரெண்டு எனக்கென்ன விசரோ?

4 மார்ச்
தம்பிக்குப் போன் எடுத்தேன்.

“அக்கா, அந்தக் கலண்டரிலை பெரிய வெள்ளி ஏப்ரல் பதினாலு எண்டு கிடந்தது. நத்தார் மாதிரி எல்லா வருசமும் ஒரே நாளெண்டு நினைச்சிட்டன்.”

“உங்கடை சிவராத்திரி ஒரே திகதியிலையோ வாறது தம்பி?”

என்ரை பிழைதான், கோர்ட்டில் வந்து சொல்லுறன் அக்கா என்றார். இந்தத் தெளிவு சனவரியில் வந்திருக்கலாம்.

14 ஏப்ரல்
பெரிய வெள்ளி. கிறிஸ்தோப்பரின் ஆண்டுத் துவசம். இந்த ஒரு வருடம் மட்டும் ஜெர்மன் அரசாங்கமும் நானும் ஒரே திகதியில் நிற்கிறோம். என்ன ஒற்றுமை.

கோவிலில் அவரோடு சண்டை பிடித்தேன். வாங்கோ வாங்கோ எண்டு எத்தனை தரம் கூப்பிட்டனான். கிழிஞ்ச வலையைப் பொத்திப்போட்டு வாறன், நீ போ எண்டியள். பெரிய வெள்ளியிலை ஆரப்பா வலை பொத்துறது?

8 மே
டிவி முழுக்க உலக யுத்தம். முடிந்து ஐம்பது வருடமாம். மலர்வளையம், கறுப்புக் கோட்டு, நீளமான பேச்சுகள். இனி ஒருபோதும் வேண்டாம் என்கிறார்கள். ஊரில் திரும்பத் தொடங்கி மூன்று கிழமை. அது வேறு கணக்குப் போல.

11 மே
மூலைக் கடைக்குப் பின்னால் தோண்டும்போது அந்த யுத்தத்தின் குண்டு ஒன்று வெடிக்காமல் கிடந்து அகப்பட்டதாம். பொலிஸ் வந்து எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகச் சொன்னது. சனம் கேக்கும் சீட்டுக்கட்டும் கொண்டு போகுது. நான் கோர்ட்டுக் கட்டு, கிறிஸ்தோப்பரின் படம், ஐந்து கிலோ அரிசி, பானை. கீழ்வீட்டு வயதான மனிசி பிராவ் கொவால்ஸ்கி பார்த்துச் சிரித்தார்: “இரண்டு மணி நேரந்தான், அன்ரனிற்றா.” எங்களுக்கும் ஊரில் அப்படித்தான் சொன்னவை.

மண்டபத்தில் அவரே கதை சொன்னார். பதினாறு வயதில் குண்டு விழுந்து வீடு எரிந்ததாம். எந்தத் திகதி என்று கேட்டேன்.

“திகதி யார் பார்த்தது? நாற்பத்துமூன்று, தவக்காலத்துக்கு முன் வரும் கார்னவல் கொண்டாட்டம், அதற்கு முந்தின வெள்ளி. பலகாரம் சுட அம்மா சேர்த்து வைத்த கொழுப்பும் எரிந்துபோனது.”

“நம்பத்தக்கதல்ல,” என்றேன்.

முகம் சிவந்துவிட்டது மனிசிக்கு. என் மறுப்புக் கடிதத்தை எடுத்து நீட்டி, தம்பியின் கலண்டர் கதையையும் சொன்னேன். இரண்டு தரம் வாசித்தார். “ஈஸ்டர் நகரும் என்று இவர்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார். அந்த மண்டபத்தில் அழுதது நான் இல்லை, அவர்தான்.

16 மே
பிராவ் கொவால்ஸ்கி என்னைப் பங்கு அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். 1991இல் பெரிய வெள்ளி மார்ச் 29 என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார்கள். முத்திரை இல்லாவிட்டால் இந்த நாட்டில் ஆண்டவரும் சாக ஏலாது.

22 ஒக்டோபர் 1996
கோர்ட். தம்பி வந்து தன் பிழையைச் சொன்னார். நீதவான் முத்திரையைப் பார்த்துத் தலையாட்டினார். பிராவ் கொவால்ஸ்கி பின்வரிசை வாங்கில், கோவிலுக்குப் போடும் தொப்பியோடு.

19 நவம்பர்
தீர்ப்பு வந்தது. நான் சொன்னதெல்லாம் உண்மையாம். திகதியும் சரியாம். ஆனால் குண்டு ஊருக்குப் பொதுவாக விழுந்ததாம், என்னைத் தேடி விழவில்லையாம். ஆகவே அகதி இல்லை.

“அப்ப நாற்பத்துமூன்றில் எங்கள் வீட்டுக்கு விலாசம் எழுதியா அனுப்பினார்கள்?” என்று கேட்டார் பிராவ் கொவால்ஸ்கி. லோயர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

சண்டை நடப்பதால் இப்போதைக்கு அனுப்பமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு பேப்பர் தந்திருக்கிறார்கள். டுல்டுங் என்று பெயர். பொறுத்துக்கொள்வது என்று அர்த்தமாம்.

ஆறு மாதம் இவை என்னைப் பொறுத்துக்கொள்ளுவினமாம். நான் இவையை ஐஞ்சு வருசமாப் பொறுத்துக்கொண்டிருக்கிறன். அதுக்கு ஆர் முத்திரை குத்துறது?