பதினான்கு ரூபாய்தான் சரி, மல்லிகா

என் அருமைச் சம்பந்தியம்மா மல்லிகாவுக்கு,

என் பையனும் உன் பெண்ணும் ஒன்றாம் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோது விளையாட்டாக வைத்துக்கொண்ட உறவு இது. அவர்கள் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். நாம் மட்டும் ஆசிரியர் அறையில் கடைசிவரை சம்பந்திகளாகவே இருந்தோம். நீ காய்ச்சலில் போய் ஒரு கோடை கடந்துவிட்டது. உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை நான். புதிதாக வந்த அறிவியல் டீச்சர் என்னை முறைக்கிறாள். முறைக்கட்டும்.

கணக்குக் கேள்வி எழுதினால் முதலில் உன்னிடம்தான் கொண்டுவருவேன், ஞாபகம் இருக்கிறதா? நீயோ தமிழ் டீச்சர். தாளை வாங்கியதும் கையைக் கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளையாகவே மாறிவிடுவாய். "லிப்டுன்னா இன்னா டீச்சர்? நாங்க ராஜகிரி மலைக்கோட்டைக்கே நடந்துதான் ஏறுறோம்." கணக்கைத்தானே கேட்கிறேன், லிப்டையா கேட்கிறேன் என்று உன்னோடு மல்லுக்கு நிற்பேன். அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே லிப்டை எடுத்துவிட்டுக் கிணற்றைப் போடுவேன். "கணக்கு தெரியாம தோத்தா பரவால்ல சம்பந்தி, நீ சொல்லாம விட்டதால தோக்கக் கூடாது" என்பாய்.

இப்போது நடந்ததைக் கேள். மேலிடத்திலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு கணக்குத் தேர்வு வந்தது. அதில் ஒரு கேள்வி. அப்பா, அம்மா, பத்து வயது மகள் மூவரும் டவுன் பஸ்ஸில் சந்தைக்குப் போகிறார்கள். ஒரு டிக்கெட் பதினான்கு ரூபாய், சிறுவர்களுக்குப் பாதி. மொத்தம் எவ்வளவு?

விடைக்குறிப்பில் முப்பத்தைந்து. என் ஆறாம் வகுப்பு தேவிகா பதினான்கு என்று எழுதியிருந்தாள். கீழே விளக்கம் வேறு: அம்மாவுக்கும் மகளுக்கும் ஃப்ரீ, அப்பாவுக்கு மட்டும் டிக்கெட்.

நீயே சொல்லு, இதில் என்ன தப்பு? டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்ததிலிருந்து அந்தப் பிள்ளை தன் அம்மா காசு கொடுத்துப் பார்த்ததே இல்லை. கேள்வி எழுதியவர் காரில் போகிறவராக இருக்கும். சிறுவர்களுக்குப் பாதி என்று மெனக்கெட்டுச் சொல்லத் தெரிந்தவருக்கு, பெண்களுக்கும் டிக்கெட் உண்டு என்று சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லையா?

அந்த ஒரு மதிப்பெண்ணால்தான் தேவிகா கோட்டுக்குக் கீழே போகிறாள். போனால் மெல்லக் கற்போர் பட்டியல். மற்ற பிள்ளைகள் பின்னம் படிக்கும்போது இவளைத் தனியாக உட்காரவைத்து ஒன்று இரண்டிலிருந்து கூட்டல் சொல்லித் தருவார்கள். அவள் அம்மா நடவு வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்து நின்றாள்.

"எம் பொண்ண மக்குன்னு எழுதிட்டீங்களா டீச்சர்? கடையில மீதி சில்லறைய அதுதானே கரெக்டா வாங்கினு வருது?"

நான் எழுதவில்லை. அந்தப் பதினான்குக்குச் சிவப்பு மையில் சரி போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். தலைமை ஆசிரியர் பதறிப்போய் மேலே சொல்லிவிட்டார். செஞ்சியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் கல்வி அதிகாரி அந்த விடைத்தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

"ஆன்சர் கீ-ல என்ன இருக்குதோ அதத்தான் பாக்கணும் மேடம். உங்க இஷ்டத்துக்கு மார்க் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அத்தனை பேர் நடுவில் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உன்னை மாதிரியே கேட்டேன். "சார், எங்க பஸ்ல எங்கம்மா காசு நீட்டுனா கண்டக்டரு வாங்க மாட்டாரு. மீதி இருபத்தொரு ரூபாய யாருகிட்ட சார் குடுக்கறது?"

பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுத்துமூலம் விளக்கம் கேட்டார், கொடுத்துவிட்டேன். மதிப்பெண்ணைத் திருத்த மாட்டேன் என்றும் அதிலேயே எழுதிவிட்டேன். இடமாற்றம்கூட வரலாம் என்கிறார்கள். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. நீ இருந்திருந்தால் பாதிப் பயத்தை உன் தலையில் கட்டியிருப்பேன். ஏன்டி இவ்வளவு சீக்கிரம் போனாய்?

நேற்று அதே கேள்வியைச் சரிசெய்து பலகையில் எழுதினேன். டவுன் பஸ்ஸை எக்ஸ்பிரஸ் ஆக்கினேன். இதில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு என்று சேர்த்தேன். மூவரையும் நம் ஊர் வல்லத்திலேயே ஏற்றிச் செஞ்சிக்கு அனுப்பினேன். இனி ஒரு ஓட்டையும் இல்லை என்று எனக்குள் பெருமை. தேவிகா எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"டீச்சர், எக்ஸ்பிரஸ் நம்ம ஊர்ல நிக்காதே. எப்டி ஏறுவாங்க?"

சாக்பீஸும் கையுமாகப் பிள்ளைகள் முன்னால் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உனக்கு வாக்குத் தருகிறேன். எந்த ஊருக்கு என்னைத் தூக்கிப் போட்டாலும் சரி, அந்தப் பதினான்கை நான் அடிக்க மாட்டேன். இங்கே இருக்கும்வரை, ஐந்தாம் வகுப்புக்கு நான் எழுதும் கேள்விகளை இனி தேவிகாதான் முதலில் படிப்பாள், ஆசிரியர் அறையில், உன் நாற்காலியில் உட்கார்ந்து. முறைக்கிறவர்கள் முறைக்கட்டும்.

ஒரு கல்யாணமும் நடக்காமலே உனக்குச் சம்பந்தியான
செல்வி